கையடக்கத் தீட்டுக்கருவி

கையடக்கத் தீட்டுக்கருவி என்பது, கத்தி, அரிவாள் முதலிய வெட்டுக்கருவிகளின் மழுங்கிய அலகைப் பயணத்திலோ பணியிடத்திலோ கூராக்கிக் கொள்ளப் பயன்படும், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவி அல்லது கருவித் தொகுதி ஆகும். சிறு தீட்டுக்கல், வைரத்துகள் பூசிய தகடு, சுடுமண் கோல், தோல்வார் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இத்தொகுதியில் இடம்பெறும். சாணைச் சக்கரத்தைப் போலன்றி இது கைவிசையால் மட்டும் இயங்குவது. தூத்துக்குடியை உள்ளிட்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மீனவரும் பனையேறிகளும் நெடுங்காலமாக வெவ்வேறு வடிவங்களில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தி வருகின்றனர்.

பெயர்

அலகைக் கல்லில் தேய்த்துக் கூராக்குவது தீட்டுதல் எனப்படும். சுழலும் சக்கரத்தில் பிடித்துக் கூராக்குவதைச் சாணை பிடித்தல் என்பர். பேச்சு வழக்கில் இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவதும் உண்டு. மரம், மாழை ஆகியவற்றை அராவப் பயன்படும் அரம் இவற்றினின்று வேறானது. திருக்குறளில் 567, 888, 997 ஆகிய மூன்று குறள்களில் அரம் உவமையாக வந்துள்ளது. எனவே, உராய்ந்து தேய்க்கும் கருவிகள் அக்காலத் தமிழருக்கு நன்கு அறிமுகமானவை எனலாம்.

செயற்படும் முறை

ஒரு பொருளைத் தேய்க்க வேண்டுமெனின், தேய்க்கும் பொருள் அதனைவிடக் கடினமானதாக இருத்தல் வேண்டும். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் படிகக்கல் (குவார்ட்சு) 7, குருந்தம் 9, வைரம் 10 என்னும் இடங்களைப் பெறுகின்றன. சிலிக்கன் கார்பைடு குருந்தத்தைவிடச் சற்றுக் கூடிய கடினத்தன்மை கொண்டது. கத்தி செய்யப் பயன்படும் கடினமாக்கிய எஃகு பெரும்பாலும் படிகக்கல்லை விடச் சற்று மென்மையானது. ஆகவே மணற்கல்லும் எஃகைத் தேய்க்க வல்லது; ஆயினும் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மழுங்கிய அலகின் முனை நுண்நோக்கியில் வட்டமாகத் தோன்றும். இருபுறமும் குறிப்பிட்ட கோணத்தில் தேய்க்கும்போது இரு பரப்புகளும் மீண்டும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன. அவ்வாறு சந்தித்ததற்கு அடையாளமாக, தேய்த்த பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் மெல்லிய எஃகுப் பிசிர் ஒன்று தோன்றும். இப்பிசிர் அலகின் முழு நீளத்திலும் தோன்றிய பின்னரே மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். பிசிர் தோன்றுமுன் நுண்மையான கல்லுக்கு மாறுவதே, நெடுநேரம் தீட்டியும் கத்தி கூராகாமைக்கு முதன்மையான காரணம் ஆகும். இறுதியில் நுண்கல்லிலோ தோல்வாரிலோ இழுத்துப் பிசிரை நீக்குவர்.

வகைகள்

இயற்கைக் கல்: மணற்கல், நுண்படிகக் கல் போன்றவை. உலகின் பல பகுதிகளிலும் தொன்மைக் காலம் முதல் பயன்பட்டு வருகின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சா, பெல்சியம், யப்பான் ஆகிய இடங்களில் கிடைக்கும் கற்கள் புகழ் பெற்றவை.

செயற்கைக் கல்: சிலிக்கன் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு ஆகியவற்றின் துகள்களைப் பிணைத்துச் செய்யப்படுவது. சிலிக்கன் கார்பைடை 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் செயற்கையாக உருவாக்கி, அதற்குக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். இந்தியாவில் உராய்பொருள்களை உற்பத்தி செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்டது. ஒருபுறம் பருமையும் மறுபுறம் நுண்மையும் கொண்ட இருபுறக் கல் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றது.

வைரத் தகடு: எஃகுத் தகட்டின் மேல் நிக்கல் பூச்சினால் செயற்கை வைரத்துகள்களைப் பதித்துச் செய்யப்படுவது. இது மெல்லியது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது, தேய்ந்து குழியாகாதது.

சுடுமண் கோல்: அலுமினியம் ஆக்சைடைச் சுட்டு உருவாக்கிய கோல். சிறிது மழுங்கிய அலகைச் சீராக்க ஏற்றது. கீழே விழுந்தால் உடையும்.

இழுவைத் தீட்டி: ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் பொருத்திய இரு கடின உலோகத் துண்டுகளுக்கு இடையே கத்தியை இழுக்கும் அமைப்பு. பழக்கமில்லாதவரும் பயன்படுத்தலாம். ஆனால் இது எஃகை மிகுதியாகச் சுரண்டி எடுத்து விடுகின்றது. கோணத்தையும் மாற்ற இயலாது.

வழிகாட்டி அமைப்பு: கல்லைக் கோலில் பொருத்தி ஒரே கோணத்தில் நகர்த்தும் தொகுதி. கோணம் பிசகாது. உறுப்புகள் பல இருப்பதால் பயணத்திற்குச் சற்றுச் சுமையானது.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி வட்டாரங்கள் பனைத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பதநீர் இறக்கும் பனையேறி, பாளையின் நுனியை நாள்தோறும் பாளை அரிவாளால் மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். அலகு மழுங்கியிருப்பின் பாளை சீவப்படாமல் நசுங்கும். சாறு வடிவது குறையும். எனவே அரிவாளின் கூர்மை அன்றன்றைய வருவாயோடு நேரடியாகத் தொடர்புடையது. பனையேறிகள் அரிவாளை இடுப்பில் கட்டிய பெட்டியில் வைத்து மரமேறுவர். மரப்பலகையின் மேல் வெண்ணிறப் படிகக்கல்லின் பொடியைத் தூவி, அதில் அலகைத் தேய்த்துத் தீட்டுவது இவர்களது மரபு. எடை குறைந்ததும், பொடி தீர்ந்தால் மீண்டும் தூவிக் கொள்ளத்தக்கதுமான இப்பலகை, கையடக்கத் தீட்டுக்கருவிக்குச் சிறந்த உள்ளூர் எடுத்துக்காட்டு ஆகும்.

கடற்றொழிலில் கத்தியின் பயன் பல வகைப்பட்டது. தூண்டில் இரை நறுக்குதல், கயிறு அறுத்தல், வலையின் சிக்கலை நீக்குதல், மீன் துப்புரவாக்குதல் ஆகியவற்றுக்கு இது தேவைப்படுகின்றது. கயிறோ வலையோ காலிலோ சுழலியிலோ சிக்கும் வேளையில் உடனே அறுக்க வேண்டியிருப்பதால், வள்ளத்தில் உள்ள கத்தி எப்போதும் கூராக இருத்தல் உயிர்ப் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

முத்துக்குளித்தலில் கத்தியின் பங்கு மாறி வந்துள்ளது. பெருந்தொகையாக எடுத்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறப்பது கடினமாதலால், முற்காலத்தில் அவற்றை அடைப்புகளில் இட்டுச் சதை அழுகிய பின் கழுவி முத்தெடுத்தனர். தூத்துக்குடிக் கடலில் பெருமளவிலான முத்துக்குளிப்பு இறுதியாக 1955 முதல் 1961 வரையான காலத்தில் நடைபெற்றது. பின்னர் 1973 ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. இம்முறையில் ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவைச் சிறு துண்டுகளாக வெட்டி, உருண்டையான கருவுடன் மற்றொரு சிப்பியினுள் வைக்கின்றனர். திசு நசுங்காமல் வெட்டப்பட வேண்டுமாதலால் இங்கு அறுவைக் கத்திக்கு நிகரான கூர்மை வேண்டப்படுகின்றது.

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் காணப்படும் கார்னெட் என்னும் கனிமமும் ஓர் உராய்பொருளே ஆகும். உப்புத்தாள் செய்யவும், நீர்த்தாரையால் உலோகம் வெட்டவும் இது பயன்படுகின்றது. முறைகேடு குறித்த புகார்களைத் தொடர்ந்து, 2013 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனியார் கடற்கரை மணற் கனிம அகழ்வுக்குத் தடை விதித்தது.

தேர்ந்தெடுத்தல்

பயணத்திற்குத் தீட்டுக்கருவி தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

அலகின் அளவு: சட்டைப்பைக்குள் அடங்கும் கற்கள் ஏறக்குறைய 10 செ.மீ. நீளமுடையவை. சிறு கத்திகளுக்கு இது போதும். அரிவாள் போன்ற வளைந்த அலகுக்கு, அலகைக் கல்லின் மேல் நகர்த்துவதைவிடக் கல்லைக் கையிற் பிடித்து அலகின் மேல் நகர்த்துவது எளிது. பற்கள் கொண்ட கயிறறுக்கும் கத்திக்குக் கூம்பு வடிவக் கோல் தேவை. தட்டையான கல் பற்களைத் தேய்த்துவிடும்.

எஃகின் வகை: நாட்டுக் கொல்லர் அடித்த கரிம எஃகுக் கத்தியைச் சாதாரணக் கல்லே விரைவில் கூராக்கும். மிகக் கடினமான துருவேறா எஃகுக்கு வைரத் தகடு ஏற்றது.

துகள் எண்: எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். 220 முதல் 400 வரையானவை சிதைந்த அலகைச் சீராக்கவும், 800 முதல் 1200 வரையானவை வழக்கமான தீட்டலுக்கும், 3000க்கு மேற்பட்டவை மெருகேற்றவும் பயன்படும். பயணத்தில் ஒரு பருங்கல்லும் ஒரு நடுத்தரக் கல்லும் போதுமானவை. இருபுறக் கல் ஒன்றே இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றும்.

நீர்மம்: சில கற்களை நீரில் ஊறவைக்க வேண்டும், சிலவற்றுக்கு எண்ணெய் இட வேண்டும். படகிலும் நன்னீர் அரிதான இடத்திலும் சில துளி நீர் மட்டுமே வேண்டும் வைரத் தகடு வசதியானது. எண்ணெய் இட்டுப் பழகிய கல்லில் பின்னர் நீர் நன்கு பரவாது.

எடையும் உறுதியும்: கல்லும் சுடுமண் கோலும் உடையக்கூடியவை. பையில் வைக்கும்போது துணியில் சுற்றுதல் நன்று.

கோணத்தைக் கணித்தல்

சமையற் கத்திக்கு ஒரு பக்கத்திற்கு 15 முதல் 20 பாகையும், கடுமையான வேலைக்குரிய கத்திக்கு 20 முதல் 25 பாகையும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. கோணம் குறையக் குறைய அலகு கூராகும்; ஆனால் விரைவில் முறியும். கோணமானி இல்லாத இடத்தில், அலகின் அகலத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, கத்தியின் முதுகைக் கல்லினின்று எவ்வளவு உயர்த்த வேண்டும் என அறியலாம். எடுத்துக்காட்டாக, 20 மி.மீ. அகலமுள்ள கத்தியை 20 பாகையில் தீட்ட, அதன் முதுகு ஏறத்தாழ 7 மி.மீ. உயர்ந்திருத்தல் வேண்டும். பழைய கோணத்தையே பின்பற்ற விரும்பினால், அலகின் விளிம்பில் மைப்பேனாவால் கோடிட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். மை முழுவதும் சீராக நீங்கினால் கோணம் சரியானது.

பேணுதல்

கடற்காற்றிலும் உப்புநீரிலும் உள்ள குளோரைடு எஃகை விரைவில் அரிக்கின்றது. துருவேறா எஃகிலும் சிறு குழிகள் தோன்றக்கூடும். கடலில் பயன்படுத்திய கத்தியையும் தகட்டையும் நன்னீரில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். படைக்கருவிகளுக்கு நெய் பூசிக் காக்கும் வழக்கம் சங்க காலத்திலும் இருந்தது. புறநானூற்றின் 95 ஆம் பாடலில், நெய் பூசி அழகுற வைக்கப்பட்ட தொண்டைமானின் படைக்கருவிகளையும், போரில் சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் படைக்கருவிகளையும் ஔவையார் ஒப்பிடுகின்றார். அழகாக வைத்த கருவியைவிடப் பயன்பட்டுத் தேய்ந்த கருவியே பெருமையுடையது என்பது அப்பாடலின் உட்பொருள்.

சட்டமும் பயண விதிகளும்

இந்திய விமானங்களில் கத்தியைக் கைப்பையில் கொண்டு செல்ல இயலாது. பதிவு செய்த பொதியில் உறையிட்டு வைக்க வேண்டும். தீட்டுக்கல்லையும் அதனுடன் வைப்பதே பாதுகாப்புச் சோதனையில் தடை நேராமல் காக்கும். 2025 ஆம் ஆண்டு சூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்ட தூத்துக்குடி வானூர்தி நிலையத்திற்கும் இவ்விதி பொருந்தும். சிலர் கல்லுக்கு இடும் மண்ணெண்ணெய், தீப்பற்றும் பொருளாதலால், விமானத்திலும் தொடருந்திலும் எடுத்துச் செல்லத்தக்கதன்று.

ஆயுதங்கள் தொடர்பான இந்திய விதிகளில், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுத வகைப்பாட்டுக்குள் வருகின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை இதிலிருந்து விலக்குப் பெறுகின்றன.

பாதுகாப்பு

மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால் அது எளிதில் வழுக்கிக் காயம் உண்டாக்கும். தீட்டும்போது கல் நகராதிருக்க ஈரத்துணியின் மேல் வைக்க வேண்டும். ஆடும் படகில் தீட்டுவதைத் தவிர்த்து, கரையிலேயே தீட்டிச் செல்வது நன்று. கூர்மையை விரலால் தடவிச் சோதிக்கக் கூடாது. தாளையோ மெல்லிய கயிற்றையோ அறுத்துப் பார்க்கலாம். கடல்நீர் பட்ட வெட்டுக்காயத்தில் நோய்த்தொற்று ஏற்படக்கூடும் என்பதால், அதனை நன்னீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

அரிவாள்
பனை
முத்துக்குளித்தல்
மோவின் அளவுகோல்