கடல் காணாத பாக்கங்கள்

அம்பத்தூரை ஒட்டி அயப்பாக்கம், ஆவடியில் விளிஞ்சியம்பாக்கம், பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம், அதற்கும் அப்பால் குத்தம்பாக்கம். பாக்கம் என்றால் கடற்கரையூர் என்கின்றன அகராதிகள். சங்க அகப்பாடல்களில் பரதவர் ஊர் பாக்கம் எனப்படுவது அதற்குச் சான்று. ஆனால் இந்த ஊர்கள் கடலிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கின்றன. பாக்கத்தின் அடிப்படைப் பொருள் 'குடியிருப்புப் பகுதி' என்பதே. நெய்தல் பாடல்களில் பயின்றதால்தான் அது கடலோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பது என் துணிபு. சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கிறது. புகாரே கடற்கரை நகர்தானே என்று கேட்கலாம். ஆனால் கரையை ஒட்டியது மருவூர்ப்பாக்கம் மட்டுமே. அரசவீதியும் உழவர், மருத்துவர் இருக்கைகளும் கொண்ட பட்டினப்பாக்கம் நாளங்காடிக்கு இப்பால் உள்ளே இருந்தது. அதற்கும் பாக்கம் என்றே பெயர். படு பாடு ஆவதும் பெறு பேறு ஆவதும் போலப் பகு என்னும் வினை நீண்டு இச்சொல் பிறந்திருக்கக் கூடும் என்பதும் இப்பொருளோடு இசைகிறது.

அந்நாளில் கடல் இன்னும் உள்ளே இருந்திருக்கலாமே என்பது அடுத்த தடை. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் இன்றைய பூண்டி நீர்த்தேக்கப் பகுதியில், கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர். சம்பந்தர் பாடிய அச்சிறுபாக்கமும் மதுராந்தகத்துக்குத் தெற்கே உள்நாட்டில் இருக்கிறது. தேவார காலத்திலேயே தொண்டை நாட்டில் இவ்விகுதி கரையை விட்டு விலகி வழங்கியிருக்கிறது. அப்படியானால் ஏரிக்கரை ஊர்தான் பாக்கமோ? செம்பரம்பாக்கத்தின் பேரேரி அப்படி நினைக்கத் தூண்டும். ஆனால் அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் ஏரி உண்டு. பாக்கம் என்ற பெயர் இல்லை. ஏரி இம்மண்ணின் பொது இயல்பு. அதைக் கொண்டு ஒரு விகுதிக்குப் பொருள் சொல்ல முடியாது.

வில்லிவாக்கம், வளசரவாக்கம் என்பவற்றின் வாக்கம் வேறு சொல் என்பாரும் உண்டு. ஒலியைக் கவனித்தால் ஐயம் தீரும். காட்டுப்பாக்கம், அயப்பாக்கம் என்று பகரம் இரட்டித்த இடத்திலும், குத்தம்பாக்கம் என்று மகரத்தை அடுத்த இடத்திலும் ப் நிலைத்து நிற்கிறது. இரட்டிக்காமல் உயிருக்குப் பின் தனித்து நின்ற இடத்தில்தான் பேச்சு வழக்கில் வகரமாக நெகிழ்ந்தது. ஆகவே வாக்கம் சிதைவும் அன்று, வேறு சொல்லும் அன்று. அதைப் 'பாக்கம்' என்று திருத்துவதும், 'வாக்கு' என்று பிரித்துத் தலபுராணம் கட்டுவதும் வீண். விகுதியின் பொருளை ஓர் ஊரின் கதையிலிருந்து எடுக்கக் கூடாது. அவ்விகுதி பெற்ற ஊர்கள் அனைத்தையும் அருகருகே வைத்து, எல்லாவற்றுக்கும் பொருந்துவது எது என்று பார்த்தே கொள்ள வேண்டும்.