ஜோடி இல்லாத கதாநாயகி - கே.பி. சுந்தராம்பாள்

டிவியில் எத்தனை முறை 'திருவிளையாடல்' போட்டாலும் அந்த ஞானப்பழக் காட்சி வந்தால் சேனலை மாற்ற மனசு வராது. பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறிப் போய்விட்ட முருகனைச் சமாதானப்படுத்த ஒரு கிழவி வருவார். கொஞ்சலும் கண்டிப்புமாக, கணீரென்று ஒரு குரல். அவர்தான் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்.

படம் வந்தது 1965-ல். அப்போது அவருக்கு வயது 57. ஔவையார் வேஷத்துக்குப் பொருத்தமான வயதுதான். ஆனால் அவர் சினிமாவுக்கு வந்தது 27 வயதில். அன்றிலிருந்து கடைசிவரை எந்தக் கதாநாயகனுக்கும் ஜோடியாக நடித்ததே இல்லை! வாய்ப்பு வராமல் இல்லை. அவரே வேண்டாம் என்று வைத்துக் கொண்டார். ஏன் என்பதற்கு நாடகக் காலத்துக்குப் போக வேண்டும்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகக் கூடச் சொல்வார்கள். அந்தக் குரல்தான் அவரை நாடகக் கம்பெனிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை வேஷம். பிறகு ஸ்திரீபார்ட். இலங்கைக்குப் போய் அங்கேயும் பெயர் வாங்கினார்.

அங்கேதான் 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா வந்து சேர்ந்தார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரல் அவருக்கு. இரண்டு பேரும் மேடையில் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கவே கூட்டம் வந்தது. அப்போதைய ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகை என்று பெரிதாக எதுவும் கிடையாது. 'வள்ளித் திருமணம்' என்றால் கதை எல்லாருக்கும் தெரியும். வேலன் ஒரு பாட்டில் கேள்வி போடுவார், வள்ளி அதே இடத்தில் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். திணறினால் ஜனங்கள் விட மாட்டார்கள். கிட்டப்பாவிடம் திணறாமல் நின்றவர் சுந்தராம்பாள்.

மேடைக் காதல் நிஜமானது. 1927-ல் கணவன் மனைவியானார்கள். ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகி மனைவி இருந்தார். ஜாதியும் வேறு. கிட்டப்பா பிராமணர். அவர் செங்கோட்டைக்குப் போய்விட்டால் சுந்தராம்பாள் கொடுமுடியிலிருந்து கடிதம் எழுதிக் கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் கடிதங்களில் பாசம், கோபம், ஏக்கம், கெஞ்சல் எல்லாம் கலந்து கிடக்கிறது. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. கிட்டப்பாவைக் குடிப்பழக்கம் பிடித்துக் கொண்டது. 1933 டிசம்பர் 2-ம் தேதி அவர் இறந்தபோது வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றைக்குக் கட்டியதுதான் வெள்ளைப் புடவை. நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. இவரை மனைவி என்று ஒப்புக் கொள்ளாதவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் விதவைக் கோலத்தை அவர் யாரையும் கேட்டுப் பூணவில்லை. இதைப் பதிவிரதைக் கதையாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். 25 வயதுப் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையை இப்படி மூடிக் கொண்டதைக் கைதட்டி ரசிக்கத்தான் வேண்டுமா? இன்னொரு பக்கம் பார்த்தால், உரிமை இல்லை என்று சொன்ன ஊருக்கு அவர் சொன்ன பதிலாகவும் அது தெரிகிறது.

ஒதுங்கி இருந்தவரை சினிமா தேடி வந்தது. 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கியது ஒரு லட்ச ரூபாய். 1935-ல்! ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம். கணக்குப் போட்டால் மூவாயிரம் சவரனுக்கு மேலே வருகிறது. வேஷம் என்ன தெரியுமா? நந்தனார், அதாவது ஆண் வேஷம். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். இவ்வளவு செலவழித்தும் படம் ஓடவில்லை. படத்தில் வந்த எருமையும் பனைமரமும்தான் நன்றாக நடித்திருந்தன என்கிற மாதிரி கல்கி விமர்சனத்தில் கிண்டலடித்தார். பாவம் தயாரிப்பாளர்.

அடுத்தது 1940-ல் 'மணிமேகலை'. பின்னால் வரும் இளவரசனை மறுத்துத் துறவு போகும் பெண். 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்'. இளமையே வேண்டாம் என்று கிழவியானவளின் கதை. 1964-ல் 'பூம்புகார்', சமணத் துறவி கவுந்தியடிகள். வரிசையாகப் பாருங்கள். ஆண், துறவி, கிழவி, மறுபடியும் துறவி. தன் விரதத்துக்கு இடம் கொடுக்கும் பாத்திரங்களாகவே அமைந்திருக்கின்றன. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டு பாத்திரத்துக்குப் பாத்திரம் வித்தியாசம் காட்டினார் என்பதுதான் ஆச்சரியம்.

நடுவில் அரசியலும் உண்டு. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் இவர்தான் என்பார்கள். எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர். எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்.

'பூம்புகார்' படத்துக்கு வசனம் கலைஞர் கருணாநிதி. இவரோ பழுத்த பக்தை, அதுவும் காங்கிரஸ்காரர். தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் ஒரு பாட்டு வரியை இவர் பாட மறுத்து, கடைசியில் தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் மாற்றிக் கொடுத்த பிறகே பாடினார் என்று ஒரு கதை உண்டு. அந்த அம்மாவின் பிடிவாதம் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது.

1969-ல் 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1975-ல் வந்த 'திருவருள்' வரைக்கும் திரையில் பாடினார். 1980-ல் காலமானார். கிட்டப்பா இல்லாமல் அவர் வாழ்ந்தது 47 வருஷம்.

கிட்டப்பா ஒரு படத்தில் கூட நடிக்கவில்லை. தமிழில் பேசும் படம் வந்து இரண்டே வருஷத்தில் போய்விட்டார். ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த அந்த வேலனையும் வள்ளியையும் ஒரு கேமராவும் பிடிக்கவில்லை. தேய்ந்துபோன கிராமபோன் தட்டுகளில் குரல் மட்டும் கிடைக்கிறது.