பாலாற்றங்கரையில் அடைக்கலம்

இலங்கையின் கண்டி ராஜ்யத்துக் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், 1815-ல் ஆங்கிலேயரிடம் சிம்மாசனத்தை இழந்து, மறு வருஷம் பரிவாரத்துடன் கடல் கடத்தப்பட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் வாழ்ந்து, 1832-ல் காலமானார் என்பதையும், பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவுச்சின்னமே என்பதையும், வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்தைத் தோல் ஷாப்புகளால் மட்டுமே அறிந்தவர்கள் அறியார். அவர் விருந்தாளியல்லர், கைதி. அந்த வேற்றுமையை மறைப்பது சரித்திரத்துக்குத் துரோகம்.

1983-ல் தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்துக்குப்பின் அதே தீவிலிருந்து வந்த தமிழர்களுக்குச் சிம்மாசனமுமில்லை, பரிவாரமுமில்லை; தற்காலிகமென்று சொல்லப்பட்ட முகாம்களிலேயே அவர்களுக்கு ஒரு புதிய தலைமுறை பிறந்து வளர்ந்தது. தமிழக அரசு 2021-ல் ‘அகதி’ என்ற சொல்லை நீக்கி, அவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ ஆக்கிற்று. வேலூரை அடுத்த மேல்மொணவூரில் அவ்வாண்டு நவம்பரில் அஸ்திவாரமிட்ட வீடுகள் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோருக்கு வழிவிட்ட, இந்தியாவின் 2019-ம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயரே இல்லை.