பலகை அடிக்க நேரம் இருந்தவர்கள்

2016 டிசம்பர் 12ஆம் தேதி மதியம் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அப்படியே மேற்கே நகர்ந்து திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்தது. திருத்தணிக்கு வரும்போது வலு குறைந்துவிடும் என்று டிவியில் சொன்னார்கள். குறைந்த வலுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டை ஒட்டி நின்ற வேப்பமரத்தின் ஒரு கிளை முறிந்து, தெருப்பக்க ஜன்னலுக்குள் புகுந்து, கூடத்தில் வந்து படுத்துக்கொண்டது. ஜன்னல் கதவு ஒன்று கீலோடு பிய்ந்து தொங்கியது. மேலே இருந்த பழைய கலர் கண்ணாடி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. வாசல் கதவும் அடியில் பிளந்துவிட்டது.

அது பணமதிப்பு நீக்கம் நடந்து ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். ஏடிஎம்களில் காசு இல்லை. கையில் இருந்ததோ ஒரே ஒரு 2000 ரூபாய் நோட்டு. அதற்குச் சில்லறை தருவார் யாருமில்லை. ஊரிலிருந்த தச்சர்கள் எல்லாம் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா யார் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் மறுநாள் மதியம் ஒருவர் வந்தார். கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமைச் சேர்ந்தவர். அரக்கோணத்தில் ஒரு கட்டட வேலைக்கு வந்திருந்தவரை மேஸ்திரி அனுப்பி வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். "காசு பிறகு தாங்கோ அம்மா, முதல்ல ஓட்டையை அடைப்பம்" என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் என்னைச் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈரச் சாக்கை விரித்துக் கண்ணாடித் தூளை ஒற்றி எடுத்தார். சட்டத்தில் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழைய பேப்பரில் சுற்றி வைத்தார். பிறகுதான் அளவெடுத்தார். எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். ஆணி அடித்தால் பொலபொலவென்று உதிரும். அதனால் சுவரைத் தொடாமல், ஜன்னலின் மரச் சட்டத்தில் மட்டும் ரீப்பர் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். ரீப்பர் மேல் பலகை. மேலே இரண்டு விரற்கடை இடைவெளி, காற்று போக.

வாசல் கதவையும் பலகை வைத்து அடைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். பின்வாசல் இருக்கிறதே என்ற நினைப்பு. அவர் பின்வாசலைப் போய்ப் பார்த்தார். கிளைகள் விழுந்து அது பாதி மறைந்திருந்தது. "ஒரு கதவை எப்பவும் விடோணும் தம்பி. எல்லாத்தையும் அடைச்சா உள்ளுக்க இருக்கிறவன் எப்பிடி வெளிய வாறது?" என்றார். வாசல் கதவின் பிளவுக்கு மேல் ஒரு தகரத்தை அடித்து, திறந்து மூடும்படியே விட்டார்.

மறுபடி காற்று கிளம்பினால் இந்தப் பலகை எதற்கு ஆகும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜன்னல் உடைவதில் மழைத்தண்ணீர் உள்ளே வருவது சின்னப் பிரச்சினைதான். காற்று வீசும் பக்கம் ஒரு ஓட்டை விழுந்தால், உள்ளே புகும் காற்று வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை வெளியே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஓடும் ஷீட்டும் பறந்துவிடும். ஒரு ஜன்னலைக் காப்பது கூரையைக் காப்பதற்காக.

*

பலகைக்கு எங்கே போவது? ப்ளைவுட் கடை திறக்கவில்லை. சென்ட்ரிங் பலகைகள் எல்லாம் ஏற்கெனவே யார் யார் வீட்டிலோ. அப்போது அம்மா பரணைக் காட்டினார். பரணில் குறுக்கே போட்டிருந்த ஐந்தாறு பழைய பலகைகளை இறக்கினோம். தச்சர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முந்தியும் யன்னலுக்கு அடிச்ச பலகை போல கிடக்கு" என்றார். ஓரங்களில் ஒரே சீரான இடைவெளியில் ஆணி ஓட்டைகள். துருக்கறை மரத்துக்குள் இறங்கியிருந்தது.

அவர் சொன்னது சரி. அவை மண்ணடி வீட்டுப் பலகைகள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாட்டிக்கு 1942இல் பதினொரு வயசு. குடும்பம் மெட்ராஸில் மண்ணடியில் இருந்தது, துறைமுகத்துக்கு நடக்கிற தூரம். அந்த வருஷத்தை அவர் ஒருபோதும் "யுத்த காலம்" என்று சொன்னதில்லை. "எவாகுவேஷன்" என்பார். அந்த ஆங்கிலச் சொல் அவருக்குப் பொங்கல், தீபாவளி மாதிரி ஒரு காலப் பெயர். "எவாகுவேஷன்லதான்டா எனக்கு அம்மை போட்டுச்சு" என்பார்.

கடலிலிருந்து வரும் ஆபத்து மெட்ராஸுக்குப் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் கரையோரம் வந்து குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். எமகாதகனை "எம்டன்" என்று சொல்லும் வழக்கம் அப்போது பிறந்தது. ஆக, 1942இல் மண்ணடியில் இருந்த பெரியவர்களுக்கு எப்படி ஓடுவது என்பது தெரிந்திருந்தது.

இம்முறை பயம் இன்னும் பெரிது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், அசாம் மலைக்காடுகள் வழியாக நடந்தும் வந்தார்கள். மெட்ராஸ் வந்து சேர்ந்தவர்கள் கொண்டுவந்த கதைகளை மண்ணடியும் கேட்டது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அரசாங்கம் உட்பட. அவசியப் பணியில் இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போவது நல்லது என்று அறிவித்தார்கள். அரசு அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று, மிருகக்காட்சி சாலையின் ஆபத்தான விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டு வாடகை சரிந்தது. வந்த விலைக்கு வீட்டை விற்றவர்களும் உண்டு.

பாட்டியின் அப்பா விற்கவில்லை. துறைமுகத்தில் சாமான் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை வாங்கி உடைத்து, அந்தப் பலகைகளைத் தெருப்பக்க ஜன்னல்களுக்கு அடித்தார். ஏன் அடித்தார்? குண்டு விழுந்தால் பலகை தாங்காது என்பது அவருக்கும் தெரியும். குண்டு விழாமல் அதிர்ச்சியில் கண்ணாடி உடைந்தால், ஜன்னல் திறந்து கிடக்கும். திறந்து கிடக்கும் வீடு திருடனுக்குச் சொந்தம். அவர் பயந்தது ஜப்பான்காரனுக்கு மட்டுமில்லை. இந்தக் கவலை அவருக்கு மட்டும் உரியதும் இல்லை. லண்டனில் விமானத் தாக்குதல் நடந்த மாதங்களில், வீடு முழுசாக இடியாமல் ஜன்னலும் கதவும் மட்டும் போன தெருக்கள்தான் அதிகம். அங்கே உள்ளாட்சி ஆட்கள் வந்து, பலகையும் தார் பூசிய கித்தானும் வைத்து அடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயரே "முதலுதவி".

ஜன்னல், சாவி இரண்டுமே போர்த்துக்கீசியர்களிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். கப்பலில் வந்த சொற்களைக் கப்பலுக்குப் பயந்து மூடிவிட்டு, கொள்ளுத்தாத்தா குடும்பத்தோடு ரயிலேறினார். அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு. அது அவருடைய மாமனார் வீடு. இப்போது நாங்கள் இருக்கும் வீடு. ஒரு கூடத்தில் மூன்று குடும்பங்கள் படுத்துக்கொண்டதாகப் பாட்டி சொல்வார். 365 படிகளையும் ஒரே மூச்சில் ஏறிக் காட்டியதாக ஒரு பெருமையும் உண்டு.

மெட்ராஸுக்கு வந்த ஆபத்து கடைசியில் சின்னதாக முடிந்தது. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அதற்கு முன்பே பெரும்பாலானவர்கள் திரும்பியிருந்தார்கள். மண்ணடி வீடு அப்படியே இருந்தது. பலகைகளைப் பிடுங்கினார்கள். மரம் வீணாகக் கூடாதென்று பிறகு எப்போதோ திருத்தணிக்குக் கொண்டுவந்து பரணில் போட்டார்கள்.

எங்கள் ஊரில் வரலாறு என்றால் எல்லைதான். வட ஆற்காட்டில் இருந்த திருத்தணி, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் இங்குள்ளவர்களும் போராடி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். எவாகுவேஷனை யாரும் சொன்னதில்லை. வீடு போகாமல் திரும்பி வந்தவர்களின் கதையில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

*

பாட்டி கதையைத் தச்சருக்குச் சொன்னேன். ஸ்க்ரூ முடுக்கியபடியே கேட்டார். "எத்தனை நாள் இருந்தது அவையளுக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட எத்தனை நாள் இருந்தது?"

ஒரு வாரம் இருந்திருக்கும் என்றேன். தலையாட்டினார்.

அவருடைய ஊர் பலாலிப் பக்கம். 1990 ஜூனில் ஷெல்லடிக்கு இடையே வெறுங்கையோடு கிளம்பி யாழ்ப்பாண நகரப் பக்கம் வந்தார்கள். விட்டு வந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அந்த வருஷம் அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30ஆம் தேதி அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும்கூடக் கொண்டுபோக விடவில்லை. சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995இல் அதே அக்டோபர் 30ஆம் தேதி, ராணுவம் நெருங்கியபோது வலிகாமத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் மழையில் நடந்தார்கள். அவரும் நடந்தார். அடுத்த வருஷம் படகேறி இந்தியா வந்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் தேதி போட்டுச் சொல்லவில்லை. தேதிகளை நான் பிறகு பார்த்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு.

"எங்கட வீட்டில இப்ப யன்னலும் இல்ல, நிலையும் இல்ல, கூரையும் இல்ல. காணி விட்டாப்பிறகு அக்கா போய்ப் பாத்தவா. ஆர் கழட்டினதெண்டு தெரியாது." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா சோனகத்தெரு வீட்டுக் கதவுகளை ஆர் கழட்டினதெண்டு எனக்குத் தெரியும். கழட்டினது நான் இல்லை. பிறகு அதைக் காசு குடுத்து வாங்கின ஆக்களுக்குப் பொருத்திக் குடுத்தனான். அப்ப எனக்கு இருபது வயசு. நல்ல முதிரைக் கதவு. கொண்டியில ஆரோ சின்னப் பிள்ளைக்குக் கட்டின நூல் கிடந்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் என்னிடம் எதுவும் இல்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

கொள்ளுத்தாத்தாவை நான் இத்தனை நாள் ஒரு கெட்டிக்காரராகவே நினைத்திருந்தேன். வீட்டை விற்காமல், பலகை அடித்துக் காப்பாற்றிய மனுஷர். அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்கு ஒரு வாரம் கிடைத்தது. போகச் சொன்ன அரசாங்கம் திரும்பி வரக் கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அவருடைய கதவைத் தன்னுடையதாகப் பார்க்கும்படியான நிலைமை அந்தத் தெருவில் வரவில்லை. இந்த மூன்றும் இருந்ததால் அந்தப் பலகைகளுக்கு மதிப்பு இருந்தது. சோனகத்தெருவில் இரண்டு மணி நேரம் மட்டும் இருந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் போயிருப்பார்கள். பூட்டியும் இருப்பார்கள். பூட்டுக்கு வெளியே இருந்தவர்கள் அதை மதிக்க வேண்டியிருந்தது, அவர்கள் மதிக்கவில்லை.

மெட்ராஸ் எவாகுவேஷனை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வது நம் வழக்கம். குண்டே விழாத ஊரைவிட்டு ஜனங்கள் ஓடினார்கள் என்று சிரிப்போம். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. ஓடினவர்கள் திரும்பி வந்து தங்கள் கதவைத் தாங்களே திறந்தார்கள் என்பது அந்த நூற்றாண்டில் சாதாரணமாக நடந்த விஷயம் இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்தது. அவர் கேட்ட கூலி குறைவு. 2000 ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னோம், மாட்டேன் என்றார். ஜனவரியில் புதுக் கண்ணாடி போட அவரே வந்தபோதுதான் கணக்குத் தீர்த்தோம். பலகைகளைக் கழற்றினார். நான் விறகுக்குப் போடலாம் என்று ஓரமாக எடுத்து வைத்தேன். அவர் அவற்றைத் துடைத்து மறுபடி பரணில் ஏற்றினார். பழைய ஆணி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இப்போது ஸ்க்ரூ ஓட்டைகளும் இருக்கின்றன.

ஏணியிலிருந்து இறங்கும்போது அவர் வீட்டு முன்கதவு எப்படி இருந்தது என்று கேட்டேன். அப்பா செய்த கதவாம்.

"ஏழடிக்கு மூண்டரை," என்றார். "ரெட்டைக் கதவு. நிலை ஆறங்குலத்துக்கு நாலங்குலம்." டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மரம் கிடைச்சா இப்பவும் ரெண்டு நாளில செய்துபோடுவன்."