வட்டுக்கோட்டைப் பெயர்கள்

யாழ்ப்பாணத்தில் 1841-இல் 'உதயதாரகை' பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர்கள் இருவர்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இந்தப் பெயர்களை முதலில் படித்தபோது இருவரையும் வெள்ளைக்காரப் பாதிரிகள் என்றே எடுத்துக்கொண்டேன். பல வருஷங்கள் அப்படியே நினைத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டு பேரும் தமிழர்கள் என்று பிறகு தெரியவந்தபோது ஏமாற்றப்பட்டது போல் ஓர் எரிச்சல் வந்தது. யார் ஏமாற்றியது என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

பெயர் வந்த விதம் இது. அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். கிராமப் பையன்களை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கள் வளவுக்குள்ளேயே வைத்துச் சோறு போட்டுப் படிப்பிப்பது அவர்கள் வழி. பகலில் சொல்லிக்கொடுத்ததை வீடு இரவில் அழித்துவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். (கல்விக் கமிஷன்கள் எழுதிக் குவித்த பக்கங்களைவிட இந்தப் பயம் அதிகம் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும்.) செலவுக்குப் பணம் அமெரிக்கச் சபைகளிலிருந்து வந்தது. ஒரு பையனின் செலவை வருஷாவருஷம் ஏற்றுக்கொள்கிற நன்கொடையாளருக்கு ஓர் உரிமை உண்டு. அந்தப் பையனுக்கு அவர் பெயர் வைக்கலாம். தன் பெயரை வைக்கலாம், தன் போதகரின் பெயரை வைக்கலாம், தான் மதித்த பெரியவர் ஒருவரின் பெயரை வைக்கலாம். சேத் பேசன் என்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு போதகர் இருந்தார். ஹென்றி மார்ட்டின், இந்தியாவுக்கு வந்து, திரும்பும் வழியில் 1812-இல் துருக்கியில் இறந்துபோன ஆங்கிலப் பாதிரி. கடிதத்தில் கப்பலேறி வந்த பெயரைக் கூப்பிட்டதும் ஏதோ ஒரு கந்தனோ வேலனோ எழுந்து நின்றான். உடுவிலில் 1824-இல் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கியபோதும் இதே ஏற்பாடுதான்.

இப்படிப் பொறுக்கி எடுத்த பையன்களுக்காக 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. முதல் தலைவர் டானியல் பூர். ஆங்கிலம், யூக்ளிட், வானசாஸ்திரம், தர்க்கம், பைபிள் — கூடவே தமிழ் இலக்கணமும். தமிழை ஒப்புக்கு வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாளைய சென்னையில் ஆங்கிலம் படித்த பையனுக்குக் கிடைக்காத தமிழ் வட்டுக்கோட்டையில் கிடைத்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொள்ளச் சம்மதித்த பையன்கள், மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட ஆரம்பத்தில் சம்மதிக்கவில்லை. பெயர் போனால் போகட்டும், சாதி போகக்கூடாது. எது மேல்பூச்சு, எது அஸ்திவாரம் என்று அந்தப் பையன்களின் தகப்பன்மாருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னால் உடனே ஒரு தீர்ப்பு கிடைக்கும்: அசல் மனிதன்மேல் அந்நியத் தோல் ஒன்றைப் போர்த்திவிட்டார்கள், அதை உரித்தெறிந்தால் உள்ளே நம் ஆள் இருப்பான். நம் விமர்சனங்களில் 'சுயம்', 'வேர்' என்ற வார்த்தைகள் படும் பாட்டுக்கெல்லாம் பின்னால் இந்த உரித்தல் நம்பிக்கைதான் நிற்கிறது. வெங்காயம் உரித்துப் பழகியவர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டார்கள்.

வட்டுக்கோட்டையின் இரண்டு மாணவர்களைப் பாருங்கள். டானியல் கரோல் விசுவநாதபிள்ளை. வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. முன்பாதி அமெரிக்கா, பின்பாதி யாழ்ப்பாணம். ரயில் பெட்டிகளைக் கோத்தது போன்ற பெயர்கள். கரோல் 1855-இல் 'வீசகணிதம்' எழுதினார். அல்ஜீப்ராவைத் தமிழில் சொல்ல முடியுமா என்று நம்மில் பலர் இன்னும் மேடைபோட்டு விவாதித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை அவர் அச்சில் முடித்துவிட்டுப் போனார். நெவின்ஸ் 1850-இல் 'நியாய இலக்கணம்' என்று மேனாட்டுத் தர்க்கத்தைத் தமிழில் தந்தார். இவர்கள் பெயரின் எந்தப் பாதி இந்தப் புத்தகங்களை எழுதியது? கேள்வியே அபத்தமாக இருக்கிறது. தோல், உள்ளீடு என்று பிரித்துப் பேசும் பேச்சும் அதே அளவுக்கு அபத்தம்தான்.

தோலை உரித்தெறிந்தவர் என்று கொண்டாடப்படுகிறவர் ஆறுமுக நாவலர். நல்லூரில் 1822-இல் பிறந்தவர். அவர் படித்தது வட்டுக்கோட்டையில் அல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவலின் பள்ளியில். படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தார். யாரும் அவர் பெயரை மாற்றவில்லை, திருநீற்றை அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் 1847 முடிவில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினபோது, வாரம் தவறாமல் ஒரு குறிப்பிட்ட நாளில், வெள்ளிக்கிழமையில், உரைநடையில், ஒழுக்கத்தையும் சமயத்தையும் பற்றிச் சனங்களைப் பார்த்துப் பேசினார். புராணம் வாசித்துப் பயன் சொல்வது சைவத்துக்குப் புதிதல்ல. வாராந்தர உபதேசம் புதிது. 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. அடுத்த வருஷம் சென்னைக்குப் போய் அச்சு யந்திரம். பிறகு வகுப்புக்கு வகுப்பு படி ஏறிப்போகும் 'பாலபாடம்'. 1854-இல் 'சைவதூஷணபரிகாரம்'. அதில் மிஷனரிகளின் வசைக்குப் பதில் சொல்ல அவர் கையில் எடுத்தது பைபிளின் பழைய ஏற்பாடு. உங்கள் வேதத்தில் ஆலயம் இல்லையா, பலி இல்லையா, அபிஷேகம் இல்லையா என்று கேட்கிறார். அந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்த கை மட்டுமே அப்படித் தேடி எடுத்திருக்க முடியும்.

இதை நாவலரின் குறையாகச் சொல்லவில்லை. என் ஆர்வமெல்லாம் அவருடைய சைவ வினாவிடைகள் பற்றியது. கேள்வி, பதில், கேள்வி, பதில். கடவுள் யார், உயிர் எது, திருநீற்றை எப்படித் தரிப்பது. இந்த உருவம் கிறிஸ்தவ ஞானோபதேசப் பாடத்திலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உருவம் மட்டுமா வந்தது? என் பாட்டி விடியற்காலையில் வாசல் தெளித்துக்கொண்டே தேவாரம் முணுமுணுப்பாள். உன் சமயம் என்ன, அதன் கொள்கை என்ன என்று அவளைக் கேட்டால் காப்பி வேண்டுமா என்று கேட்டிருப்பாள். அவளுக்கு அது பழக்கம், குலதெய்வம், மார்கழிக் குளிர். அதைச் சமயம் என்று பெயரிட்டு, வரையறுத்து, கேட்டால் பிசகில்லாமல் சொல்லக்கூடியதாக மாற்றியது வகுப்பறை. 'நீ யார்' என்று ஒருவர் எதிரில் நின்று கேட்கிறார், நான் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். அந்தப் பதில்தான் நான். பதில் சைவமா கிறிஸ்தவமா என்பது இரண்டாம் பட்சம். பதிலாகவே இருப்பது என்பது இரண்டு தரப்புக்கும் பொது.

அந்த வகுப்பறையில் உட்காரவே விடப்படாதவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாவலர் பள்ளியின் பெஞ்சில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு இடம் இல்லை. சைவம் என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டவன் கூடவே இன்னொரு பதிலையும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான். நாவலரைப் பற்றி எழுதும் நம்மவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் 'அந்தக் காலம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதே காலத்தில்தான் அவர் அச்சு யந்திரம் வாங்கினார் என்பதையும் நினைவில் வைக்கலாம். வேண்டிய இடத்தில் அவர் காலத்தை மீறத் தெரிந்தவர்.

'நாவலர்' என்பதும் கொடுக்கப்பட்ட பெயர்தானே? 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது. அமெரிக்க நன்கொடையாளர் வைத்த பெயரை அடிமைத்தனம் என்றும் ஆதீனம் வைத்த பெயரைக் கௌரவம் என்றும் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரு ஸ்தாபனம் ஒருவனைக் கூப்பிடும் வழிகள் என்பதை மறக்கக்கூடாது.

அதே திருவாவடுதுறையைச் சுற்றிய இன்னொரு பெயர்மாற்றத்தைப் பார்ப்போம். மிஷனின் நிழல்கூடப் படாத கல்வி இது. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவன் தகப்பனார் கொண்டுவந்து விடுகிறார். பையன் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவதுண்டா என்று பிள்ளை விசாரிக்கிறார். சாமிநாதன் என்றும் வீட்டில் சொல்வார்கள் என்று பதில் வருகிறது. அன்றிலிருந்து அவன் சாமிநாதன். உ. வே. சாமிநாதையர் என்று தமிழ் உலகம் அறிந்த பெயர் இப்படி நிலைத்தது. வேங்கடராமன் எங்கே போனான் என்று 'என் சரித்திர'த்தில் எங்கும் துக்கம் இல்லை.

அதைவிட முக்கியமானது சங்கீதம். தகப்பனார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரின் சீடர். சங்கீதமே அவர் ஜீவனம். பையன் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாடம் கேட்கத் தொடங்குகிறான். விஷயம் பிள்ளைக்குத் தெரியவருகிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் ஓடாது என்பது அவர் எண்ணம். சங்கீதப் பாடம் நின்றுவிடுகிறது. ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் தொழில், ஒரு தகப்பனின் ஆசை, மகனுக்குள் இருந்த ஒரு பாடகன் எல்லாம் போயாயிற்று. வட்டுக்கோட்டை மிஷனரிகள் வளவும் விடுதியும் கட்டிச் செய்ய முயன்றதை, பிள்ளை அன்பினாலேயே செய்து முடித்தார். இதை யாரும் கலாச்சார வன்முறை என்று எழுதியதாக நான் பார்க்கவில்லை. எழுத வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் குருகுலத்தில் மனிதன் இயற்கையாக வளர்ந்தான், ஆங்கிலப் பள்ளிதான் அவனை வெட்டிப்போட்டது என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறை மறுபடி படிப்பது நல்லது.

உ.வே.சா.வுக்கு முன்னும், பிறகு அவரோடு கூடவும் ஏடுகளை அச்சேற்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இவர் வட்டுக்கோட்டைக்காரர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியதும் அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான இரண்டு பேர் இவரும் இவருடைய ஆசிரியர் கரோல் விசுவநாதபிள்ளையும்தான். மாணவனும் ஆசிரியரும் ஒரே பரீட்சையில். மிஷன் வளர்ப்பில் கிறிஸ்தவராக இருந்தவர் பிறகு சைவத்துக்குத் திரும்பினார். 1881-இல் வீரசோழியம், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை. இவருடைய பதிப்புரைகளைப் படிக்கும்போது எனக்கு இரண்டு குரல்கள் கேட்கும். பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, காலம் கணித்து, ஆதாரம் கேட்டு வாதாடும் ஒரு பரீட்சை மாணவன். ஏடுகள் செல்லரித்துச் சிதைவதைக் கண்டு கலங்கும் ஒரு சிறுப்பிட்டிக்காரர். முதல் குரலுக்கு வட்டுக்கோட்டை இல்லாமல் வழி இல்லை. இரண்டாவது குரல் மட்டும் இருந்திருந்தால் அழுதுவிட்டு ஏட்டைப் பரணில் வைத்திருப்பார்.

செமினரி 1855-இல் மூடப்பட்டது. மூடியவர்கள் நாவலரின் ஆட்கள் அல்ல, அமெரிக்க மிஷனே. பாஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சனின் குழு கணக்குப் பார்த்தது: இவ்வளவு பணம், இவ்வளவு வருஷம், ஆனால் பையன்கள் ஆங்கிலம் படித்துவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள். பெயர் வைத்தோம், பெயருக்குரிய ஆள் வரவில்லை என்பதுதான் மனத்தாங்கல். வார்க்கிற அச்சுக்குள் ஊற்றியது வேறு உருவமாக வெளியே வந்ததைக் கண்டு முதலில் திகைத்தது அச்சு வைத்திருந்தவன்தான். பள்ளிக்கூடம் மனிதனை உருவாக்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். எதுவாக உருவாக்குகிறது என்பது பள்ளிக்கூடத்தின் கையில் இருந்ததாக வட்டுக்கோட்டைச் சரித்திரம் காட்டவில்லை.

பகலில் நான் செய்யும் வேலைகளில் ஒன்று, காசோலையிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிடுவது. இருபது வருஷத்துக்கு முன் போட்டதுபோல் இன்று போடாதவரைத் திருப்பி அனுப்பவேண்டும். பெரும்பாலும் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்: நான்தான் எதிரில் நிற்கிறேனே என்பார்கள். ஆங்கில இலக்கியம் படித்து, எலியட்டைக் கொண்டு தமிழ்க் கவிதையை அளந்து, அப்புறம் அது தப்பு என்று அளவுகோலைத் தேடிக்கொண்டிருக்கிற என் வகையறாவுக்கு இந்தக் கோபம் புரியவேண்டும். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. தகப்பன் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. நாமே வைத்துக்கொண்டது இங்கே அச்சாகிறது. இரண்டாவதுதான் அசல் என்று நாம் நினைக்கிறோம். சேத் பேசன் என்ன நினைத்தார் என்று கேட்டுப் பார்க்க ஆசைதான்.

தாமோதரம்பிள்ளையின் பெயருக்கு முன்னால் உள்ள சி. வை. என்பது சிறுப்பிட்டி வைரவநாதர். ஊரும் தகப்பனும். சைவத்துக்குத் திரும்பியவரின் கணக்கு அங்கே நேராகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அவர் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். இந்தத் தடவை பெயர் வைக்க அமெரிக்காவில் யாரும் பணம் கட்டியிருக்கவில்லை. பெங்களூரில் கிறிஸ்தவ இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அந்தக் கிங்ஸ்பரி, 1921-இல் ஜி. ஈ. பிலிப்ஸ் என்ற பாதிரியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தார். தேவாரத்திலும் திருவாசகத்திலும் இருந்து தேர்ந்தெடுத்த பாடல்களின் மொழிபெயர்ப்பு அது.