19-நார்புரோஜெஸ்டிரோன்

மருந்தாக விற்பனைக்கு வராத செயற்கைப் புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோனைப்போல் செயல்படும் சேர்மம்). கருப்பையைக் கர்ப்பத்துக்குப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து 19ஆம் கார்பனை நீக்கினால் கிடைப்பது.

புரோஜெஸ்டிரோன் 1934இல் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. அதன் அமைப்பில் கைவைத்தால் வீரியம் போய்விடும் என்பதே அக்காலப் பொதுக் கருத்து. 1944இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாக்சிமிலியன் எரன்ஸ்டைன், ஆப்பிரிக்காவில் அம்பு நஞ்சுக்குப் பயன்பட்ட ஸ்ட்ரோபாந்தஸ் செடிகளிலிருந்து வரும் ஸ்ட்ரோபாந்திடினை எடுத்துக்கொண்டார். அதில் 19ஆம் கார்பன் ஆல்டிஹைடாக இருப்பதால் அதைக் கழற்ற வழி இருந்தது. பல படிகளுக்குப் பின் மிஞ்சியது படிகமாகாத சிறிதளவு எண்ணெய். அவருடன் ஆய்வில் ஈடுபட்ட வில்லர்ட் ஆலன் அதை முயல்களுக்குச் செலுத்தியபோது, கருப்பை உட்சுவர் புரோஜெஸ்டிரோனுக்கு மாறுவதுபோலவே மாறியது. இருவரும் அதற்கு இட்ட பெயர் 10-நார்புரோஜெஸ்டிரோன். ஆனால் அது ஒரு கலவை; 14, 17ஆம் கார்பன்களில் அணுக்களின் திசையும் இயற்கை ஹார்மோனில் உள்ளதுபோல் இல்லை. எனவே இச்சேர்மத்தின் வரலாற்றை எரன்ஸ்டைனிலிருந்து தொடங்குவோரும் உண்டு, 1951இலிருந்து தொடங்குவோரும் உண்டு.

1951இல் மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் ஆய்வகம், ஆர்தர் பிர்ச்சின் வினையை (திரவ அமோனியாவில் கார உலோகத்தைக் கொண்டு ஒடுக்குதல்) கையாண்டு, இயற்கை ஹார்மோனின் அணுத்திசை மாறாத 19-நார்புரோஜெஸ்டிரோனை உருவாக்கியது. மெக்சிகோ காட்டு வள்ளிக்கிழங்கின் டையோஸ்ஜெனினை நம்பி வளர்ந்த நிறுவனம் அது. ஆய்வுக் கட்டுரையில் லூயிஸ் மிராமோன்டெஸ், ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ், கார்ல் ஜெராசி ஆகியோரின் பெயர்கள் இவ்வரிசையிலேயே உள்ளன. முதற்பெயருக்குரியவர் அப்போது 26 வயது மாணவர். விலங்குச் சோதனைகளில் புதிய சேர்மம் புரோஜெஸ்டிரோனைப்போல் 4 முதல் 8 மடங்கு வீரியம் காட்டியதாகக் குறிக்கப்படுகிறது. சோதனை முறைக்கேற்ப இந்த அளவு மாறும். ஒரு கார்பனை இழந்த மூலக்கூறு வலுவிழக்காமல் வலுப்பெற்றதே பழைய நம்பிக்கையை அடியோடு சாய்த்தது.

ஆனாலும் இதை ஊசியாகவே போட வேண்டியிருந்தது. எத்தைனைல் தொகுதியைச் சேர்த்தால் ஸ்டீராய்டு வாய்வழியும் வேலை செய்யும் என்பதை பெர்லின் ஷெரிங் நிறுவனத்தின் எதிஸ்டிரோன் 1938இலேயே காட்டியிருந்தது. இரண்டு உத்திகளையும் இணைத்து, 1951 அக்டோபர் 15 அன்று மிராமோன்டெஸ் நார்எதிஸ்டிரோனைத் தயாரித்து முடித்தார். 1957இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது அதுதான். அதை உருவாக்கிய பெருமையில் மிராமோன்டெஸுக்கும் ஜெராசிக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

பிற்காலத்தில் எலிகளில் இரத்த அழுத்தம் குறித்த ஆய்வுகளுக்கு 19-நார்புரோஜெஸ்டிரோன் பயன்பட்டது. இதன் வழித்தோன்றல்களான நோமெஜெஸ்ட்ரால் அசிடேட், செஜெஸ்டிரோன் அசிடேட் முதலியவை மருந்தாயின. பின்னது அடங்கிய, ஓராண்டு பயன்படும் கருத்தடை வளையத்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.