அரக்கோணத்தில் ஆகாய விமானம்

2015 டிசம்பர் 1 இரவு, பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, அந்நதியின்மீதே பாலமிட்டு இரண்டாம் ஓடுபாதையை நீட்டியிருந்த சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் (அந்தத் துணிச்சலை என்னென்பது!) ஜலத்தில் மூழ்கி ஸ்தம்பித்துப்போயிற்று. புறநகர்ப் பட்டாபிராம்வாசிகள் பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் கடைகடையாக அலைந்த அந்நாட்களில், அவர்கள் சீசன் டிக்கெட்டில் சர்வசாதாரணமாகப் போய்வரும் அரக்கோணம், இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தோன்றி 1992-இல் ஐ.என்.எஸ். ராஜாளி எனப் பெயர்பெற்ற கடற்படைத் தளத்தின் நான்கு கிலோமீட்டர் ஓடுபாதையின் தயவால், தலைநகரின் ஆகாய வாசலாயிற்று. டிசம்பர் 4 அன்று அங்கிருந்து பயணிகள் விமானம் ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது. பெட்டியும் கைக்குழந்தையுமாகத் தவித்தவர்களுக்கு அது மகத்தான உபகாரம். மீனம்பாக்கத்தில் உள்நாட்டுச் சேவை டிசம்பர் 6 அன்று மீண்டும் தொடங்கிற்று.